பிரெய்ரிப் புல்வெளியும் ஓக் காடும் சேருமிடத்தில் தீத்தடுப்புக் கோடு எங்கே அமைய வேண்டும்?

காவிரிக்கரை:

வணக்கம். தென்மேற்கு விஸ்கான்சினில், பனியுகத்துப் பனிப்பாளங்கள் தொடாமல் விட்டுப்போன மேடுபள்ளமான பகுதியில், எங்கள் குடும்ப நண்பருக்குச் சுமார் 35 ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் தென்பாதி முன்பு மக்காச்சோள வயலாக இருந்தது. அவர் அதில் பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் போன்ற உயரமான புற்களையும் பூச்செடிகளையும் விதைத்துப் பிரெய்ரியாக மாற்றியிருக்கிறார். வடபாதி ஓக் மரங்கள் நிறைந்த சரிவு. புல்வெளி முடியும் இடத்தில் தொடங்கி வடக்கு நோக்கி ஏறி ஒரு முகட்டில் முடிகிறது. முகட்டுக்கு அப்பால் வேறொருவருடைய பைன் தோட்டம். தெற்கே ஓர் ஓடை, கிழக்கே கவுண்டிச் சாலை (நம் மாவட்டச் சாலை போன்றது), மேற்கே அறுவடை முடிந்த அண்டை வயல்.

புல்வெளியை அடுத்த வசந்தத்தில் கட்டுப்பாட்டுடன் எரிக்க விரும்புகிறார். மர வரிசை தொடங்கும் இடத்தை ஒட்டியே 10 அடி அகலத்துக்குப் புல்லை வெட்டி, அதையே தீத்தடுப்புக் கோடாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். காட்டுக்குள் இரண்டு பழைய தடங்கள் இருக்கின்றன: சரிவின் நடுவே கிழமேற்காகச் செல்லும் மரம் இழுத்த பாதை ஒன்று, முகட்டின் மேலே செல்லும் நடைபாதை ஒன்று. இந்த மூன்றில் எதைத் தேர்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓக்மரத்தடி:

மர வரிசையை ஒட்டிக் கோடு போடுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நிலத்துக்கு அதிகக் கேடு செய்வதும் அதுதான் என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளையர் குடியேற்றத்துக்கு முன் விஸ்கான்சினில் சுமார் 55 லட்சம் ஏக்கர் ஓக் சவானா இருந்ததாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பரந்த கிளைகளையுடைய பர் ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்க, அவற்றின் கீழே புல்லும் பூச்செடிகளும் சேர்ந்து வளர்ந்த நிலம் அது. புல்வெளி எங்கே முடிந்தது, காடு எங்கே தொடங்கியது என்று அங்கே ஒருவராலும் விரல் வைத்துக் காட்டியிருக்க முடியாது; பூர்வகுடி மக்கள் மூட்டிய தீயும் மின்னல் மூட்டிய தீயும் அந்த எல்லையை ஓராண்டு உள்ளேயும் ஓராண்டு வெளியேயும் நகர்த்திக்கொண்டே இருந்தன. பர் ஓக்கின் தடித்த, தக்கை போன்ற பட்டை அந்தத் தீயைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. தீ நின்ற பிறகு, நிழலில் முளைக்கக்கூடிய மேப்பிளும், தோட்ட வேலிக்காக ஐரோப்பாவிலிருந்து வந்த பக்தார்ன் புதரும் உள்ளே நுழைந்தன. நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் சவானா இன்று மிகச் சொற்பம்.

இப்போது உங்கள் நண்பர் செய்ய நினைப்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். கோடு ஆண்டுதோறும் மர வரிசையிலேயே விழுந்தால், புல்வெளி எரியும், காடு எரியாது, இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த 30, 40 அடிப் பட்டை மட்டும் வெயிலும் பெற்றுத் தீயிலிருந்தும் தப்பிவிடும். நரைநிற டாக்வுட், சுமாக், பக்தார்ன் ஆகியவை விரும்புவது சரியாக அத்தகைய இடத்தைத்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அங்கே ஒரு புதர்ச்சுவர் எழும்பிவிடும். அதற்குப் பின்னால் நிற்கும் ஓக் மரங்களின் கீழ்க்கிளைகள் நிழலில் பட்டுப்போகும். ஓக் கன்று ஒன்றுகூட மேலெழாது. ஹேசல்நட், நியூ ஜெர்ஸி டீ முதலிய, அந்த விளிம்பையே வாழ்விடமாகக் கொண்ட செடிகளும் போய்விடும். நான் பார்த்த பல மீட்டெடுப்பு நிலங்களில் புல்வெளி அருமையாக இருக்கும், காட்டின் உட்பகுதியும் சுமாராக இருக்கும், நடுவில் மட்டும் மனிதன் நுழைய முடியாத புதர் நிற்கும். அந்தப் புதரின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அது பழைய தீத்தடுப்புக் கோட்டின் வரைபடமாகவே இருக்கும்.

எனவே முகட்டுப் பாதையைக் கோடாக வைத்துக்கொண்டு, காட்டையும் புல்வெளியையும் ஒரே எரிப்புப் பகுதியாகக் கருதுங்கள்.

தீவரிசை:

ஓக்மரத்தடி அவர்கள் சூழலியல் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தீயின் போக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதல்முறை எரிப்பவர்களிடம் அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. நான் இல்லினாய்சில் ஓர் எரிப்புக் குழுவில் பணியாற்றுகிறேன்.

அமெரிக்க வனச்சேவைக்காக ஹால் ஆண்டர்சன் 1982-இல் வெளியிட்ட எரிபொருள் (அதாவது எரியக்கூடிய புல், சருகு முதலியவற்றின்) மாதிரிகளின் தொகுப்பை இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் உயரமான புல் மூன்றாவது மாதிரி, அகன்ற இலைமரங்களின் சருகு ஒன்பதாவது மாதிரி. தீச்சுவாலையின் உயரத்தில் காற்று மணிக்கு 8 கிலோமீட்டர், காய்ந்த எரிபொருளின் ஈரம் 8 விழுக்காடு என்ற ஒரே நிலைமையில், உயரப்புல்லில் தீ மணிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் பரவும். சுவாலையின் நீளம் 12 அடி. சருகில் அதே தீ மணிக்கு சுமார் 150 மீட்டர் மட்டுமே நகரும். சுவாலை இரண்டரை அடியைச் சற்றே தாண்டும். 12 அடிச் சுவாலை காற்றில் சாய்ந்து வரும்போது 10 அடி அகலக் கோடு அதைத் தடுக்கும் என்று நினைப்பது வீண் நம்பிக்கை. மர வரிசையில் கோடு போடுவதில் எனக்குள்ள முதல் எதிர்ப்பு இதுதான்: மிக வேகமாக எரியும் எரிபொருள் முடியும் இடத்திலேயே நீங்கள் தடுப்பை வைக்கிறீர்கள்.

ஆனால் காட்டைச் சேர்த்துக்கொண்டால் வேறொரு விலை கொடுக்க வேண்டும். புல் எரிந்தால் அரைமணி நேரத்தில் அணைந்து சாம்பலாகிவிடும். காட்டில் பட்டமரங்களும் விழுந்த மரங்களும் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்டு ஆஷ் போரர் வண்டு பரவியதிலிருந்து நம் காடுகளெங்கும் ஆஷ் மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. கோட்டுக்கு அருகில் நிற்கும் அப்படியொரு மரத்தின் உச்சியில் தீ பிடித்தால், அங்கிருந்து பறக்கும் கங்குகள் கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. மறுநாள் காற்று எழும்பும்போது பக்கத்து நிலத்தில் புகை கிளம்பும். அந்த மரம் விழும்போது கீழே ஆள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

சில விவரங்கள் தேவை. சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது? கோட்டருகே பட்டமரங்கள் எத்தனை? மர வரிசையில் ஈஸ்டர்ன் ரெட் சீடர் இருக்கிறதா? புகை சாலைக்குப் போகுமா? இவற்றைச் சொல்லுங்கள், அதன்பின் கோட்டைப் பற்றிப் பேசுவோம்.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. காடு வடக்கே ஏறுவதால் சரிவு தெற்கு நோக்கியது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இறங்குகிறது; அதில் மேப்பிள் அதிகம், எப்போதும் ஈரமாக இருக்கும். மர வரிசையில் ரெட் சீடர் ஆங்காங்கே இருக்கிறது, சில இடங்களில் கூட்டமாகவும். பட்ட ஆஷ் மரங்கள் பெரும்பாலும் பள்ளத்தில், முகட்டில் கொஞ்சம். சாலை கிழக்கில் இருப்பதால் மேற்குக் காற்று அடித்தால் புகை அதன்மேல்தான் போகும். நடுச்சரிவுப் பாதை அகலமாகவும் சுத்தமாகவும் இருக்கிறது என்பதால் நண்பருக்கு இப்போது அதன்மேல் கண் விழுந்திருக்கிறது.

தீவரிசை:

நடுச்சரிவுப் பாதையை முதலில் விலக்கிவிடலாம். அகலமும் சுத்தமும் ஏமாற்றக்கூடியவை. சரிவில் கீழிருந்து ஏறும் தீ, தனக்கு மேலே உள்ள சருகை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திக்கொண்டே வருவதால், சமதளத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். அந்த ஓட்டத்தின் நடுவே கோட்டில் நிற்பவர்களுக்கு ஒதுங்க இடமிராது. மேற்பகுதியை எரித்தாலும் சிக்கல்தான்: எரிந்த கட்டைகளும் கங்குகளும் உருண்டு கோட்டைத் தாண்டிக் கீழே விழும். கோடு முகட்டில், முடிந்தால் முகட்டின் மறுபுறம் சில அடி தள்ளி, அமைய வேண்டும். அங்கே தீ தன் வேகத்தை இழக்கிறது. சுவாலை மேலே எழும்பி நிற்குமேயன்றி முன்னால் சாயாது.

காற்றுக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் குளிர்முகம், அதாவது நகர்ந்து வரும் குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு, கடந்துபோன மறுநாள் வடமேற்கிலிருந்து உலர்ந்த, நிலையான காற்று அடிக்கும். பலர் அதற்காகவே காத்திருப்பார்கள். உங்கள் நிலத்தில் வடமேற்குக் காற்று புகையைத் தென்கிழக்கே, அதாவது ஓடைக்கும் சாலைக்கும் கொண்டுபோகும். நேர் வடக்குக் காற்று கிடைத்தால் புகை ஓடையைத் தாண்டி வயல்வெளிக்குப் போய்விடும். அதுவே உங்களுக்கு உகந்தது. தெற்கு, தென்மேற்குக் காற்றில் இங்கே கொளுத்தவே வேண்டாம்: புல்லின் வேகம், சரிவின் வேகம், காற்றின் வேகம் மூன்றும் ஒன்றுசேர்ந்து பைன் தோட்டத்தை நோக்கிப் போகும். முன்னறிவிப்பில் குளிர்முகம் அன்று மாலை வருகிறது என்றிருந்தாலும் விட்டுவிடுங்கள். அது சில மணி நேரம் முன்னதாக வந்தால் எரிப்பின் நடுவே காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பும், அதுவரை பக்கவாட்டில் நகர்ந்த தீ முழுவதும் முன்னோக்கி ஓடும் தீயாக மாறிவிடும்.

வடக்குக் காற்றிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முகடு வடக்கே இருப்பதால் உங்கள் தெற்குச் சரிவு காற்றுமறைவில் இருக்கிறது. நடுப்பகலில் வெயில் சரிவைச் சூடாக்கும்போது அதன் சொந்தக் காற்று மேல்நோக்கி எழும். முகட்டைத் தாண்டி வரும் காற்றோ கீழ்நோக்கி வந்து சுழலும். இரண்டும் மோதுமிடத்தில் தீ எந்தத் திசையில் நகரும் என்று நம்பிச் சொல்ல முடியாது. ஆகவே முகட்டில் முதலில் கொளுத்தி, தீயைக் கீழ்நோக்கி மெல்ல இறங்க விட்டு, ஒரு நல்ல அகலத்துக்குக் கருக்கிவிட வேண்டும். பிறகு அந்தக் கருங்கோட்டுக்குக் கீழே சில அடி தள்ளி, முகட்டுக்கு இணையாக, ட்ரிப் டார்ச்சால் (எரியும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் கைக்கருவி) ஒரு வரிசை கொளுத்தினால் அது மேலேறிக் கரிந்த இடத்தைத் தொட்டு அணைந்துவிடும். அதற்குக் கீழே இன்னொரு வரிசை. இப்படிப் பட்டைப் பட்டையாக இறங்கினால், எந்தத் தீயும் நீண்ட தூரம் ஓடி வேகமெடுக்க வாய்ப்பிராது.

ரெட் சீடர் பற்றி: ஜூனிப்பர் வகையைச் சேர்ந்த, எண்ணெய் நிறைந்த மரம், பச்சையாக இருக்கும்போதே தீப்பந்தமாக எரியும். டெக்சஸில் ஜூனிப்பர் மண்டிய நிலங்களை எரிக்கும்போது காற்று போகும் திசையில் 500 அடி வரை கருங்கோடு வேண்டும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள் என்றால் அதன் கங்கு எவ்வளவு தூரம் பறக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் குளிர்காலத்திலேயே வெட்டிவிடுங்கள்; வெட்டியதைக் கோட்டருகே குவிக்காமல் பனி கிடக்கும்போதே எரித்துவிடுங்கள்.

மினசோட்டா_வெண்பனி:

இவ்வளவு சிரமம் தேவையா? எங்கள் பக்கம் மார்ச்சில் புல்வெளியில் பனி உருகி, காட்டு நிழலில் மட்டும் பனி கிடக்கும் சில நாள்கள் வரும். அந்த நாளில் புல்லைக் கொளுத்தினால் தீ பனியைத் தொட்டுத் தானே நின்றுவிடும். கோடே வெட்ட வேண்டியதில்லை.

ஓக்மரத்தடி:

வடக்குச் சரிவில் அது அருமையான வழி, நானும் செய்திருக்கிறேன். ஆனால் இவருடைய காடு தெற்கு நோக்கிய சரிவு. இலையுதிர்ந்த ஓக் மரங்களின் கீழே மார்ச் வெயில் தடையின்றி விழும். வயலில் பனி போகும் அதே நாள்களில், சில சமயம் அதற்கு முன்பே, சரிவிலும் போய்விடும். மேப்பிள் பள்ளத்தில் மட்டும் நிற்கும். பனிக்குப் பதிலாக மழையை நம்பலாம். நின்றபடி காய்ந்த புல் மழைக்குப் பிறகு வெயிலும் காற்றும் பட்டால் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். தரையில் படிந்து அடுக்கடுக்காகக் கிடக்கும் சருகு உலர ஒன்றிரண்டு நாளாவது ஆகும். அந்த இடைவெளியில் புல்வெளியை எரித்தால் தீ காட்டின் விளிம்புக்குள் கொஞ்ச தூரம் ஊர்ந்து, ஈரச் சருகில் தானே அடங்கும். விளிம்புச் செடிகளுக்குத் தீயும் கிடைக்கும், மர வரிசையில் கோடு போட வேண்டிய தேவையும் குறையும்.

தீவரிசை:

குறையும் என்ற சொல்லைக் கவனமாகப் படியுங்கள், அற்றுப்போகாது. சருகின் மேலடுக்கைக் கையிலெடுத்து நொறுக்கிப் பார்த்து, அடியடுக்கு ஈரமாக இருக்கிறதா என்று பல இடங்களில் சோதித்த பிறகே அந்த வழியில் இறங்க வேண்டும். அப்போதும் முகட்டுக் கோடு தயாராக இருக்க வேண்டும். ஒரு தடுப்பு தவறினால் பின்னால் இன்னொன்று இருப்பதாகவே எந்தத் திட்டமும் அமைய வேண்டும்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். புல்வெளி கரிந்துபோன பிறகு அதுவே காட்டுக்குக் கீழ்ப்பக்கத் தடுப்பாகிவிடுகிறது. ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சருகு நன்றாக உலர்ந்த நாளில் காட்டை எரித்தால், ஆள்களையும் தண்ணீரையும் முழுவதும் முகட்டில் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே பகுதியாகக் கருதலாம், ஆனால் ஒரே நாளில் எரிக்க வேண்டாம்: புல் பத்திரமாக எரியும் நாளில் சருகு எரியாது, சருகு எரியும் நாளில் புல் வெடிக்கும்.

பூச்சிநோக்கி:

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் தீ எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றியே பேசினீர்கள். எங்கே போகவே கூடாது என்பதை யாரும் கேட்கவில்லை. ரீகல் ஃபிரிட்டிலரி என்ற வண்ணத்துப்பூச்சி விஸ்கான்சினில் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. அதன் புழுக்கள் முட்டையிலிருந்து வெளிவந்த உடனேயே, ஒன்றும் உண்ணாமல், வயலட் செடிகளுக்கு அருகில் காய்ந்த புல்லடியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. முழுப் புல்வெளியையும் ஒரே வசந்தத்தில் எரித்தால் அங்குள்ள ஒரு தலைமுறையே போய்விடும். புதிதாக விதைத்த நிலத்தில் அந்த இனம் இப்போது இல்லாமலிருக்கலாம். ஆனால் தண்டுகளுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் தேனீக்களுக்கும் சருகுக்குள் உறங்கும் அந்துப்பூச்சிகளுக்கும் இதே கதிதான். 35 ஏக்கரில் ஒரு பகுதியையாவது ஒவ்வோர் ஆண்டும் விட்டுவைக்க வேண்டும். அப்படியானால் நிலத்தின் உள்ளேயே ஒரு கோடு வேண்டும். அதை எங்கே போடுவீர்கள்?

ஓக்மரத்தடி:

இந்த இழையிலேயே மிக முக்கியமான கேள்வி இது, ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் இதற்குள் இருக்கிறது. பிரிக்கும்போது பெரும்பாலானோர் புல்வெளி ஒரு பகுதி, காடு ஒரு பகுதி என்று பிரிப்பார்கள். கோடு மறுபடியும் மர வரிசைக்கே வந்துவிடும். அதற்குப் பதிலாக ஓடையிலிருந்து முகடு வரை, தெற்கு வடக்காக, புல்வெளியையும் விளிம்பையும் காட்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு போடுங்கள். கிழக்குப் பாதியில் கொஞ்சம் புல்வெளி, கொஞ்சம் விளிம்பு, கொஞ்சம் காடு. மேற்குப் பாதியிலும் அப்படியே. ஓராண்டு ஒரு பாதி எரியும், மற்றது பூச்சிகளுக்கு அடைக்கலமாக இருக்கும். விளிம்பின் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தீ கிடைக்கும். கோடு விளிம்பைக் கடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். புதர் எழும்பினாலும் அங்கே சில அடிகளில்தான் எழும்பும்.

மாடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மரத்தோட்டத்தில் உள்ள கர்ட்டிஸ் பிரெய்ரி 1930களில் மீட்டெடுக்கத் தொடங்கப்பட்டது. 1940களில் அங்கே நடந்த சோதனைகள்தான் புல்வெளிக்குத் தீ அவசியம் என்பதை இந்த மாநிலத்தில் நிலைநாட்டின. கன்சாஸின் கொன்சா பிரெய்ரியிலோ நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஆண்டுக்கொரு முறை, இரண்டாண்டுக்கொரு முறை, நான்காண்டுக்கொரு முறை, இருபதாண்டுக்கொரு முறை என்று எரித்துப் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்கிறார்கள். தீ அடிக்கடி வராத பகுதிகளில் மரமும் புதரும் புல்லை வெல்வது அங்கே கண்கூடு. இந்த ஆய்வுகளெல்லாம் எவ்வளவு இடைவெளியில் எரிப்பது என்பதைப் பற்றியவை. எல்லையை எங்கே வரைவது என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு என்பது என் பழைய மனக்குறை.

நீலமலையான்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீலகிரியில் சோலைக்காடும் புல்வெளியும் இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கும் தீயைச் சோலைக்குள் விடலாம் என்று பொருள் கொள்ளலாமா?

ஓக்மரத்தடி:

கூடாது. பர் ஓக் தீயோடு வளர்ந்த மரம். அது எரிந்தாலும் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். சோலை மரங்கள் தீயைத் தாங்காதவை; அங்கே எல்லை கூர்மையாக இருப்பதே தீயும் உறைபனியும் சோலைக் கன்றுகளைப் புல்வெளியில் வளரவிடாததால்தான். நான் சொன்னதெல்லாம் ஓக் காட்டுக்கு மட்டுமே பொருந்தும். இங்கேயும் அந்த மேப்பிள் பள்ளத்தில் தீ போய்த்தான் ஆக வேண்டும் என்று வலியுறுத்த மாட்டேன். அது ஈரத்தால் தானே தடுத்துக்கொள்ளும், தடுக்கட்டும்.

காவிரிக்கரை:

தெற்கு வடக்கான கோடு நண்பருக்குப் பிடித்துவிட்டது. அதை எப்படி அமைப்பது? அவரிடம் டிராக்டரும் மண்ணைப் புரட்டும் வட்டுக் கலப்பையும் இருக்கின்றன. வெறும் மண்ணாக்கிவிட்டால் தீ எதுவும் கடக்காதே என்கிறார்.

தீவரிசை:

தீ கடக்காதுதான், முதல் மழையில் மண்ணும் தங்காது. சரிவில் மேலிருந்து கீழாக உழுத கோடு இரண்டொரு ஆண்டில் வாய்க்காலாகிவிடும். புரட்டிய மண்ணில் முதலில் முளைப்பது களை. டிராக்டர் சக்கரம் ரீட் கேனரி புல்லையும், காட்டுக்குள் பூண்டுக்கடுகையும் வழிநெடுகக் கொண்டுசேர்க்கும். கலப்பையைக் கொட்டகையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

புல்வெளியில் ஆகஸ்டு கடைசியில் ஒருமுறை வெட்டி, வெட்டிய புல்லைக் கட்டாயம் வாரி வெளியேற்றுங்கள். வாராமல் விட்டால் தரையில் படுத்துக் காய்ந்த தாள் நின்ற புல்லைவிட மெதுவாகக் கனன்று, கோட்டுக்கு அடியிலேயே தீயைக் கடத்திவிடும். அக்டோபரில் மறுபடி வெட்டினால் அடுத்த வசந்தத்தில் அங்கே குட்டையான பசும்புல் மட்டும் நிற்கும். அகலம் அருகிலுள்ள புல்லின் உயரத்தைப்போல இருமடங்காவது வேண்டும் என்பது பல கையேடுகளில் காணும் விதி. புல் 6 அடி என்றால் 12 அடி. ஆனால் அகலம் தடுப்பதல்ல. கொளுத்தும்போது முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமல் காற்றுக்கு எதிரே நகரும் தீயை மட்டும் அது நிறுத்தினால் போதும். அந்தத் தீ கருக்கிக்கொண்டு உள்ளே போகும் அகலம்தான் பின்னர் வரும் பெரிய தீயை நிறுத்துகிறது. காற்று போகும் பக்கத்தில் அந்தக் கருக்கல் 50 முதல் 100 அடி ஆகும் வரை நாங்கள் பெரிய தீயை மூட்டுவதில்லை.

காட்டில் லீஃப் புளோயர் போதும். மேலே கிடக்கும் சருகை ஊதித் தள்ளி, 4 முதல் 6 அடி அகலத்துக்கு மண் தெரியும்படி செய்யலாம். வேர்களும் மண்ணும் அப்படியே இருக்கும், அடுத்த இலையுதிர்வில் தடமே தெரியாது. எரிக்கும் நாளன்றோ முந்தைய நாளோ ஊதுங்கள். ஓக் மரம் குளிர்காலம் முழுவதும் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஊதும்போது சருகை எரியாத பக்கமே தள்ளுங்கள். எரியும் பக்கம் தள்ளினால் கோட்டை ஒட்டி ஒரு வரப்புபோலக் குவிந்து அங்கேதான் சுவாலை அதிகம் எழும்.

ஓக்மரத்தடி:

இதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். எரியாத பக்கம் குவிந்த சருகில் ஒரு கங்கு விழுந்தால் அதை அணைப்பது எளிதல்ல. ஆழமாகக் கிடக்கும், உள்ளேயே கனலும். எரியும் பக்கம் தள்ளி, ரேக்கால் மெல்லியதாகப் பரப்பிவிட்டால் அது எரிந்து தீர்ந்துபோகும்.

தீவரிசை:

பரப்புவதற்கு ஆள் இருந்தால் நீங்கள் சொல்வதே சரி. எங்கள் குழுவில் அதற்கு ஒருவரும் மிஞ்சுவதில்லை. முகட்டில் மட்டுமாவது, பைன் தோட்டம் அப்பால் இருப்பதால், உள்ளே தள்ளிப் பரப்புவதை ஏற்றுக்கொள்கிறேன்.

பூச்சிநோக்கி:

முகட்டில் பட்டமரங்களை வெட்டும்போது ஒரு வேண்டுகோள். பொந்துள்ள மரங்களில் வௌவாலும் மரங்கொத்தியும் இருக்கும். எல்லாவற்றையும் வீழ்த்தாமல், கோட்டிலிருந்து ஒரு மர உயரத்துக்கு மேல் தள்ளி நிற்பவற்றின் அடியில் சருகை வாரிவிட்டு அப்படியே விட்டுவிடலாம்.

ஓக்மரத்தடி:

ஒப்புக்கொள்கிறேன். அத்துடன் வெட்டும் வேலை எல்லாவற்றையும் மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக் மரத்தில் காயம் பட்டால் சாறு குடிக்கும் வண்டுகள் ஓக் வாடல் நோயைக் கொண்டுவந்துவிடும். கோடு போடுவதற்காக ஒரு கிளையை வெட்டி, காப்பாற்ற நினைத்த மரத்தையே இழந்தவர்கள் உண்டு.

காவிரிக்கரை:

நண்பருடன் உட்கார்ந்து முடிவு செய்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். ஆகஸ்டிலும் அக்டோபரிலும் ஓடையிலிருந்து மர வரிசை வரை 12 அடிக்குப் புல்லை வெட்டி வாருவோம். குளிர்காலத்தில் கிழக்குப் பாதியின் சீடர்களையும் பக்தார்ன் புதரையும் முகட்டை ஒட்டிய பட்ட ஆஷ் மரங்களையும் வெட்டுவோம். மார்ச் கடைசியில், மழை பெய்த மறுநாள், வடக்குக் காற்றில், கிழக்குப் புல்வெளியை மட்டும் எரிப்போம்; தீ காட்டு விளிம்புக்குள் போகுமளவு போகட்டும். ஏப்ரல் தொடக்கத்தில், காட்டுப்பூக்கள் தலைகாட்டும் முன், முகட்டிலும் நடுக்கோட்டிலும் சருகை ஊதிவிட்டுக் கிழக்குக் காட்டை மேலிருந்து கீழாகப் பட்டைப் பட்டையாக எரிப்போம். மேற்குப் பாதியை இரண்டாண்டு கழித்துப் பார்ப்போம்.

தீவரிசை:

மூன்று திருத்தங்கள். புல்வெளியை எரிக்கும் நாளிலும் முகட்டுக் கோடும், காட்டுக்குள் செல்லும் நடுக்கோடும் ஊதித் தயாராக இருக்க வேண்டும். காட்டை எரிக்கும் நாளுக்கு மட்டும் என்று ஒத்திவைக்காதீர்கள். இரண்டாவது, எரியாமல் விடும் மேற்குப் புல்வெளி நடுக்கோட்டுக்கு அப்பால் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். காற்று வடகிழக்குக்குத் திரும்பினால் உங்கள் பலவீனமான பக்கம் முகடல்ல, அதுதான். தண்ணீர்த் தொட்டி ஏற்றிய வண்டி முதல் நாளில் அந்தக் கோட்டில் நிற்கட்டும், முகட்டில் முதுகுப் பம்புடன் இரண்டு பேர் போதும். மூன்றாவது, அனுமதியும் அண்டை வீட்டாருக்குத் தகவலும் தவிர, கொளுத்தும் முன் கவுண்டியின் அவசர அழைப்பு மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாலையில் போகிறவர் புகையைப் பார்த்து அழைப்பார், நடுக்கோட்டில் நிற்க வேண்டியவர் தீயணைப்பு வண்டிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

காவிரிக்கரை:

குறித்துக்கொண்டேன். முதல் வெட்டு ஆகஸ்டில். பைன் தோட்டத்துக்காரரிடம் இந்த வாரமே பேசுகிறோம். கோட்டை முகட்டின் மறுபுறம் சில அடி தள்ளிப்போட அவருடைய ஒப்புதல் வேண்டும்.